பதினொன்று பத்துக்கு விழுந்த கியர்

எங்கள் ஊரான கரட்டேத்தத்தில் யாராவது பதினொன்று பத்து என்று சொன்னால் நாங்கள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம், ஏனென்றால் போன மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்று பத்துக்குத்தான் செங்கோடனின் லாரி ஊர் நடுவில் இருக்கும் ஏற்றத்தில் முதல் கியரில் சிக்கிக்கொண்டது, அதோடு சேர்ந்து ஊரும் சிக்கிக்கொண்டது.

செங்கோடன் கல்குவாரியிலிருந்து கல்தூண் ஏற்றிக்கொண்டு சங்ககிரிப் பக்கம் போகிறவன், அவன் வீடு சரியாக ஏற்றத்தின் பாதியில் இருக்கிறது, வீட்டைத் தாண்டும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி ஒரு சொம்பு மோர் குடிக்காவிட்டால் அவனுக்குத் தொண்டை நனையாது. ஹேண்ட் பிரேக்கை நம்பி ஏற்றத்தில் வண்டி நிறுத்துகிறவன் எங்கள் ஊரில் கிடையாது, முதல் கியரில் போட்டு இஞ்சினை அணைத்துவிட்டுக் குதித்து இறங்குவான், அவன் இறங்குவதற்கும் அவன் மனைவி வளர்மதி வாசலில் கிடக்கும் புளியமரக் கட்டையைத் தூக்கி வந்து பின் டயருக்கு அண்டை கொடுப்பதற்கும் சரியாக இருக்கும், பதினான்கு வருஷமாக அப்படித்தான் நடந்தது. அன்றைக்கு அடுப்பில் பால் பொங்கியது. பாலை இறக்கி வைக்கிற நேரம் தாமதமாகி வளர்மதி கட்டையோடு ஓடி வந்து குனிந்தபோது, பதினாறு டன் கல்லோடு லாரி நாலு விரற்கடை பின்னால் நழுவியது, நழுவி, வயிற்றுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றது. அவள் தலைக்கும் டயருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது.

அந்த டக் சத்தம் கரட்டு உச்சியில் ஆடு மேய்த்தவனுக்கும் கேட்டது, கிணற்றுக்குள் தூர் வாரிக்கொண்டிருந்தவனுக்கும் கேட்டது, கேட்ட நொடியில் யார் யார் மனசு எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே நின்றுவிட்டது.

என்னைச் சொல்கிறேன். நான் இந்த ஊர்த் தபால்காரன், ஒண்டிக்கட்டை, அந்த நொடியில் தெருமுனைக்கு வந்து, வீட்டைப் பூட்டினேனா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான், ஒன்பது நாள் அதையேதான் யோசித்தேன், போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன், திரும்பி நாலு எட்டு வைப்பேன், பூட்டினேனா என்று தோன்றும், தபால் பையோடு என் வீட்டுக்கும் ஊருக்கும் நடுவில் நான் நடந்த நடையைக் கணக்குப் பார்த்தால் பழனிக்கே போய் வந்திருப்பேன்.

பஞ்சாயத்துத் தலைவர் குப்புராஜ் கொட்டாவிக்கு நடுவில் சிக்கினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இன்டர்வெல் மணி அடித்த சந்தோஷத்தில் சிக்கினார்கள். வரப்புத் தகராறில் பதினோரு வருஷம் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும், எதிரெதிர்க் காட்டில் நின்று, வேலியில் வேட்டி மாட்டிக்கொண்ட வட்டாட்சியர் ஆபீஸ்காரரைப் பார்த்து ஒரே நேரத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அந்தச் சிரிப்பிலேயே நின்றுவிட்டார்கள். ஊரிலிருந்த எல்லா வண்டியும் அது அது இருந்த கியரில் சிக்கியது, லாரியை இழுக்க வந்த கிரேன் எல்லைக்கல்லைத் தாண்டியதும் அதுவும் சிக்கியது, அதற்குப் பிறகு பஸ்காரர்கள் எல்லையிலேயே ஆளை இறக்கிவிட்டுப் போனார்கள்.

மூன்று நாளில் ஊர் பழகிக்கொண்டது, பழகாமல் என்ன செய்யும். தலைவரிடம் மனு கொடுக்கிறவர்கள் ஒரு கொட்டாவிக்கும் அடுத்த கொட்டாவிக்கும் நடுவில் சொல்லி முடிக்கக் கற்றுக்கொண்டார்கள். வாத்தியார்கள் கணக்குப் பாடத்தை மைதானத்தில் ஓடிக்கொண்டே நடத்தினார்கள். கொழுந்தனோடு சண்டை போட்டு உச்சக் கோபத்தில் சிக்கியிருந்த கந்தாயியைக் கடலைக்காட்டில் கொண்டுபோய் உட்கார வைத்தோம், அந்தப் பக்கம் ஒரு மயில் இறங்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்த அண்ணன் தம்பி வீட்டில் மருமகள்கள் ஒரே அடுப்பில் பொங்கல் வைத்தார்கள், வேலியைப் பிடுங்கி விறகுக்குப் போட்டார்கள்.

இதில் நாச்சிமுத்துவின் கதை தனி. தறிக்காரர், ஐம்பது வயது, நல்ல மனுஷன், பகல் பன்னிரண்டு மணி வரை. பன்னிரண்டுக்கு ரைஸ் மில்லில் சங்கு ஊதும், அதே நேரத்துக்கு மேற்கு ரோட்டில் மதுக்கடை திறக்கும், சங்குச் சத்தம் காதில் விழுந்ததும் கையில் இருப்பது நூலோ சோறோ அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார், அதற்குப் பிறகு அவர் மனைவி தங்காயி பட்டதை இந்தத் தெரு பதினெட்டு வருஷமாகச் சுவருக்கு அப்பால் இருந்து கேட்டுக்கொண்டிருந்தது, கேட்டும் யாரும் போய்த் தடுக்கவில்லை, அது எங்கள் வெட்கம். பதினொன்று பத்துக்கு நாச்சிமுத்து தங்காயி பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டார். சங்கு ஊதியது, அவர் காதில் விழவில்லை. அடுத்த நாளும் ஊதியது, விழவில்லை. அவருக்குப் பன்னிரண்டு மணியே ஆகவில்லை. நான் தபால் கொடுக்கப் போகும்போதெல்லாம் இரண்டு பேரும் எதையாவது ஆய்ந்துகொண்டு, எதையாவது பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், ஐந்தாம் நாள் தங்காயி தலையில் கனகாம்பரம் வைத்திருந்ததைப் பார்த்தேன், பார்த்த சந்தோஷத்தில் பூட்டைக்கூட இரண்டு நிமிஷம் மறந்துபோனேன்.

எல்லாம் இப்படியே இருந்திருந்தால் லாரி அங்கேயே நின்று துருப்பிடிக்கட்டும் என்று விட்டிருப்போம். ஆனால் வளர்மதி பயத்தில் சிக்கியிருந்தாள்.

தலைக்கு மேல் பதினாறு டன் இறங்கி வருகிற அந்த நொடியை விட்டு அவளால் நகர முடியவில்லை. வீட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிலில் உட்கார வைத்தால் கட்டிலிலும் டயர் வந்தது. கண் மூடவில்லை, சோறு இறங்கவில்லை, புளியமரக் கட்டையை நெஞ்சோடு பிடித்திருந்த கை பிரியவில்லை. செங்கோடன் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு எல்லைக்கல் வரை நடந்து, அங்கே நின்ற ஆம்புலன்ஸில் ஏற்றிச் சேலம் கொண்டுபோனான். நெஞ்சு நிமிஷத்துக்கு நூற்று நாற்பது தடவை அடிக்கிறது, ஊசி போட்டாலும் இறங்கவில்லை, உடம்பில் வேறு கோளாறே இல்லை, ஆனால் இந்த ஓட்டம் ஓடினால் இதயம் எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது என்றார் டாக்டர். அங்கே செய்ய இனி ஒன்றுமில்லை என்று நாலாம் நாள் அவளைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தான். ஆறாம் நாள் அவள் உதடு நீலம் பூத்தது. ஏழாம் நாள் செங்கோடன் எங்களில் யாரைப் பார்த்தாலும் கையைப் பிடித்துக்கொண்டான், விடவில்லை.

சங்ககிரியிலிருந்து ரத்தினவேல் என்ற மெக்கானிக் நடந்தே வந்தான். சட்டைப்பை நிறையப் பொரிகடலை, எதற்கும் அசராத ஆள். கிளட்சை மிதித்துப் பார்த்தான், பிளேட் ஒட்டிக்கொண்டு பிரியவில்லை. கியர் ராடை இரண்டு கையாலும் உலுக்கிப் பார்த்தான், அசையவில்லை. மேல் மூடியைக் கழற்றி உள்ளே கடப்பாரை விட்டு நெம்பினான், கடப்பாரைதான் வளைந்தது. கீழே இறங்கி, ஏற்றத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பொரிகடலையை வாயில் போட்டான்.

"கியர்ல ஒரு கோளாறும் இல்லீங். வண்டி முழுசும் அந்த ரெண்டு பல்லு மேல உக்காந்திருக்குது. பாரம் ஏறின பல்லை எவன் வந்தாலும் பிரிக்க முடியாது. பாரத்தை எடுத்தா விரல்ல தட்டினாலே வந்துரும்."

"பாரத்தை எடுக்கறதுன்னா, கல்லை இறக்கிடலாங்களா?" என்று கேட்டேன்.

"கயித்தை அவுத்தீங்கன்னா தூண் உருண்டு பத்துப் பேரைக் கொல்லும். வண்டியை மேல இழுக்கோணும். ஒரு சாண் போதும்."

"டயருக்குப் பின்னால கல்லு வெச்சிருக்கறமே?"

"வெச்சீங்க, நழுவினதுக்குப் பொறகு வெச்சீங்க. கல்லு சும்மா நிக்குது, பாரத்தைப் பல்லுதான் தாங்குது. மேல இழுத்த அந்த நொடியில டயருக்கு அடியில கட்டை போகோணும். முந்தினா கட்டை உள்ள போகாது. பிந்தினா கட்டை போடறவன் மேல வண்டி வந்துரும்."

இழுப்பதற்கு எங்களிடம் தேர்வடம் இருந்தது. பங்குனித் தேருக்கு எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு பிடி என்று வடத்தில் இடம் உண்டு, அப்பன் பிடித்த இடத்தை மகன் பிடிப்பான், அடுத்தவன் பிடியில் கை வைக்க மாட்டோம், ஆளில்லாத வீட்டுப் பிடி வெறுமனேதான் போகும். கட்டை போடுவதற்கும் ஒரு வீடு உண்டு. தேர்ச் சக்கரத்துக்கு நொடி தப்பாமல் கட்டை போடுவது நாச்சிமுத்து வீட்டுப் பாத்தியதை.

வடம் பிடிக்க வீடு வீடாகச் சொல்லும் வேலையை என் தலையில் கட்டினார்கள். கிறுக்கன் மாதிரி பூட்டைப் பார்க்க ஓடியபடியே நூற்று எழுபது வீட்டுக்கும் போனேன். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை, எங்கள் ஊரில் அப்படிச் சொல்கிற வழக்கமே இல்லை. அண்ணன் தம்பி வீட்டு மருமகள்கள், அஷ்டமி போகட்டுமுங்க என்றார்கள். நல்ல காரியம், ஆனால் இவருக்குக் கை வலி என்றாள் ஒருத்தி. நாலு வீட்டில் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்கள். நல்ல நொடியில் சிக்கியவர்களுக்கு அதை விட மனசில்லை, யாரைக் குறை சொல்வது, நானே அந்த நொடியில் சந்தோஷமாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ.

கடைசியாகத் தங்காயி வீட்டுக்குப் போனேன். எட்டாம் நாள் காலை. நாச்சிமுத்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"கட்டை போடோணும், அவ்வளவுதானே. வந்தர்றேன்," என்றார். பிறகு மனைவியைப் பார்த்தார். "இவ சொன்னா வந்தர்றேன்."

தங்காயி என்னை வாசலுக்குக் கூட்டி வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"தபால்காரரே, பதினெட்டு வருசத்துல எனக்கு எட்டு நாள் கெடச்சிருக்குது. எட்டே எட்டு. அந்தக் கியரு வந்துட்டா இவருக்குப் பன்னெண்டு மணி ஆயிரும். உங்களுக்கு அது தெரியுமா தெரியாதா?"

"தெரியுமுங்."

"தெரிஞ்சுட்டேதான் கேக்கறீங்களா?"

நான் பூட்டினேனா என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சந்தேகம் அன்றைக்கு எனக்கு வசதியாக இருந்தது, அதைச் சாக்கு வைத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். ஓடி வந்ததற்கு இன்றுவரை கூசுகிறது.

ஒன்பதாம் நாள் காலை வளர்மதியால் உட்கார முடியவில்லை. அவள் மூச்சு தெருவுக்குக் கேட்டது. அவளைப் பார்த்து வருவோம் என்று தங்காயி ஒரு தூக்குப்போசியில் கம்மங்கூழ் எடுத்துக்கொண்டு வந்தாள், வந்தவள் மனசில் என்ன இருந்ததோ தெரியாது, ஒருவேளை அவ்வளவு மோசமில்லை என்று தன் கண்ணால் பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தாளோ என்னவோ. கட்டில் பக்கத்தில் குனிந்தாள். வளர்மதி ஒரு கையால் கட்டையை அணைத்துக்கொண்டு மறு கையால் தங்காயியின் தோளைப் பிடித்துத் தள்ளினாள். ஒன்பது நாள் சோறில்லாத உடம்பில் எங்கிருந்து பலம் வந்ததோ, தங்காயி சுவரில் போய் மோதினாள்.

"தள்ளுங்கக்கா! தள்ளிப் போங்க! வண்டி வருது, உங்க மேல வருது!"

கட்டிலுக்குக் கிட்டே போன எல்லாரையும் அவள் அப்படித்தான் தள்ளிக்கொண்டிருந்தாள். தன்னை ஒருதரமும் நகர்த்திக்கொள்ளவில்லை.

தங்காயி சுவரைப் பிடித்து நிமிர்ந்தாள். கூழ்ப்போசியைக் கீழே வைத்தாள். தெருவில் இறங்கி நடந்து, தன் வீட்டு வாசலில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"ஏனுங்க, தேர்க்கட்டையை எடுங்க."

அவள் சொன்ன பிறகு அஷ்டமியும் கை வலியும் எங்கே போயின என்று தெரியவில்லை. மருமகள்கள் வந்தார்கள், கதவைச் சாத்திக்கொண்ட நாலு வீடும் திறந்தது, கந்தாயியைக் காட்டிலிருந்து கூட்டி வந்தோம், அவள் எங்களையெல்லாம் திட்டிக்கொண்டே தன் பிடியைப் பிடித்தாள். பிள்ளைகள் குதித்துக்கொண்டு பிடித்தார்கள், தலைவர் கொட்டாவி விட்டபடி பிடித்தார், அண்ணன் தம்பி சிரித்துக்கொண்டே பிடித்தார்கள், வடத்தில் ஒரு பிடிகூட வெறுமனே இல்லை. லாரிக்குள் செங்கோடன் கியர் ராடைப் பிடித்திருந்தான், பக்கத்தில் ரத்தினவேல் புதுக் கடப்பாரையோடு குந்தியிருந்தான். பின் டயருக்குக் கீழே, வளர்மதி குனிந்த அதே இடத்தில், நாச்சிமுத்து ஒருக்களித்துப் படுத்துக் கட்டையை நீட்டிப் பிடித்திருந்தார். வடம் அறுந்தால் முதலில் அவர்தான். தங்காயி தன் வீட்டுப் பிடியில் நின்று பின்னால் திரும்பிப் பார்க்கவேயில்லை.

முதல் இழுப்பில் வடம் முனகியது, லாரி அசையவில்லை. இரண்டாவது இழுப்பில் கல்தூண்கள் ஒன்றோடொன்று உரசின, முன் கயிற்றில் யாரோ வழுக்கி விழ, வண்டி ஒரு நூலிழை பின்வாங்கியது. வீட்டுக்குள்ளிருந்து வளர்மதி அலறினாள். அந்த அலறலைக் கேட்டபோது எனக்குப் பூட்டு நினைவில் இல்லை. மூன்றாவது இழுப்பில், இழுத்தது கைதானா, வேறெதாவதா என்று எனக்குத் தெரியாது, லாரி ஒரு விரல் ஏறியது, இரண்டு விரல் ஏறியது, ஒரு சாண் ஏறியது.

"போட்டாச்சு!" என்றார் நாச்சிமுத்து கீழேயிருந்து.

லாரி கட்டை மேல் உட்கார்ந்தது. உள்ளே செங்கோடன் ராடைச் சுண்டுவிரலால் தட்டினான். பழுத்த பழம் காம்பை விடுவது போலக் கியர் நியூட்ரலுக்கு வந்தது.

தலைவரின் கொட்டாவி முடிந்தது. பிள்ளைகள் சோர்ந்துபோய் ரோட்டிலேயே உட்கார்ந்தார்கள். சிரித்துக்கொண்டிருந்த அண்ணன் தம்பி சிரிப்பை நிறுத்தி, ஒருவரையொருவர் பார்த்து, தாங்கள் ஒரே வடத்தைப் பிடித்திருப்பதைப் பார்த்து, என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் வீட்டைப் பூட்டியிருந்தேன், நன்றாக நினைவு வந்தது, சாவி கால்சட்டைப் பையிலேயே இருந்தது. வீட்டுக்குள் கட்டை தரையில் விழும் சத்தம் கேட்டது. செங்கோடன் வண்டியிலிருந்து குதித்து ஓடினான். வளர்மதி வாசலுக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவனைப் பார்த்து, "பாலை இறக்கிட்டனா?" என்று கேட்டாள். அவன் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதான், நாங்களும் அழுதோம்.

அப்போது ரைஸ் மில் சங்கு ஊதியது.

நாச்சிமுத்து தலையை நிமிர்த்தினார். கையில் ஒட்டியிருந்த மண்ணை வேட்டியில் துடைத்தார். எங்களில் யாரையும் பார்க்காமல், அவசரமும் இல்லாமல், மேற்கு ரோட்டைப் பார்த்து நடந்தார். அவ்வளவு பெரிய கூட்டம், ஒன்பது நாள் எதையெதையோ சமாளித்த கூட்டம், வாய் திறக்கவில்லை. தங்காயி வடத்தை விடவில்லை. அழவும் இல்லை. இது தெரிந்துதான் அவள் இழுத்தாள்.

வளர்மதிதான் கிளம்பினாள். ஒன்பது நாள் சாப்பிடாத காலோடு, தடுக்கப் போன செங்கோடனின் கையை விலக்கிவிட்டு, விழுந்த புளியமரக் கட்டையை எடுத்துக்கொண்டு குறுக்குச் சந்து வழியாகப் போய், கடைக்குப் பிரியும் முக்கில் ரோட்டின் நடுவே கட்டையை வைத்து அதன் பக்கத்தில் நின்றாள். அவளிடம் இருந்த பயமெல்லாம் செலவாகிவிட்டதோ என்னவோ, அத்தனை பெரிய ஆளைப் பார்த்து அவள் குரல் நடுங்கவில்லை.

"அண்ணா, ஊட்டுக்குப் போங்க."

நாச்சிமுத்து நின்றார். கட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். காலடி நிழல் ஒரு முழம் நீளும்வரை நின்றார். அன்றைக்குத் திரும்பிவிட்டார். மறுநாள் அவளைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார், அன்று இரவு தங்காயி வீட்டுச் சத்தத்தைத் தெரு மறுபடியும் கேட்டது. அதற்கும் மறுநாள் சங்கு ஊதியபோது வளர்மதி கட்டையோடு அதே முக்கில் நின்றிருந்தாள், இந்த முறை பக்கத்தில் கந்தாயியும் நின்றிருந்தாள். அதிலிருந்து தினமும் யாராவது நிற்கிறோம். சில நாள் திரும்புகிறார், சில நாள் போய்விடுகிறார். தங்காயி காலையில் கனகாம்பரம் வைத்துக்கொள்கிறாள், மாலையில் அது தலையில் இருக்குமா என்று யாருக்கும் தெரியாது.

இன்றைக்கு வளர்மதி குமாரபாளையத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள், கந்தாயிக்குக் காய்ச்சல், கட்டை காலையில் என் வீட்டு வாசலில் கிடந்தது. அவரைத் தடுக்கும் தைரியம் எனக்கு உண்டா என்று தெரியவில்லை, எட்டாம் நாள் ஓடி வந்தவன்தானே நான். மணி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கிறது. பாதித் தெரு வந்துவிட்டேன், தோளில் கட்டை கனக்கிறது, வீட்டைப் பூட்டினேனா இல்லையா என்று ஒரு சந்தேகம் வருகிறது. வரட்டும், திரும்பிப் பார்க்க நேரமில்லை.